முப்பத்திரண்டு மில்லிமீட்டர்

"பூனை கையை விட்டா எட்டுமா, எட்டாதா? அதை மட்டும் சொல்லுங்கண்ணே."

தோட்டச் சாமான் கடைக்காரர் சிரித்துவிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் குருவிப் பெட்டிகள். எல்லாம் அவரே அறுத்து, ஆணி அடித்தவை.

"எட்டாதும்மா. இந்த ஓட்டை முப்பத்திரண்டு மில்லிமீட்டர். குருவி நுழையும், பூனைத் தலை நுழையாது. கையை விட்டுத் துழாவினாலும், ஓட்டையிலிருந்து அடிப்பலகை ஒரு சாண் கீழே. வெறுங்கையோட போயிடும்."

அவள் தன் விரலை ஓட்டைக்குள் விட்டுத் துழாவிப் பார்த்தாள். போன வருஷம் வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டியில் மூன்று குஞ்சுகள். ஒரு விடியலில் சுவரடியில் இறகு மட்டும் கிடந்தது. அதை முதலில் பார்த்தது எட்டு வயது மகள். "எந்தத் திருட்டுப் பூனைம்மா இது?" என்று அழுதவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாளைக்கு அவளுக்குப் பிறந்தநாள். மறுபடியும் பெட்டிதான் வேண்டுமாம். வேண்டாம் என்றால் ஏன் என்பாள். அந்த 'ஏன்' மட்டும் வரக் கூடாது.

"உட்கார ஒரு குச்சிகூட இல்லையே?"

"குருவிக்குக் குச்சி எதுக்கு? விளிம்பைப் பிடிச்சு சர்ருனு உள்ளே போயிடும். குச்சி வச்சா காக்காவுக்கும் பூனைக்கும்தான் வசதி. திருடனுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்த மாதிரி."

பக்கவாட்டுக் கதவைத் திறந்து உட்புறத்தைத் தடவிக் காட்டினார். "இதை இழைக்காம சொரசொரன்னு விட்டிருக்கேன், பாருங்க. குஞ்சு நகத்தை ஊனி ஏறணும்ல?"

"ஏறி?"

"வெளியே வரும். பறக்கும்."

"வந்ததுமேவா?"

அவர் முதல்முறையாகத் தலையைச் சொறிந்தார். "அது எங்கே... ரெண்டு மூணு நாள் தரையில தத்தித் தத்தித் திரியும். புதர்ல ஒளிஞ்சுக்கும். அப்புறம்தான் சிறகு சொன்னபடி கேட்கும். அந்த மூணு நாளைக்கு என்கிட்ட பெட்டி கிடையாதும்மா. பூனை வராம நீங்கதான் பார்த்துக்கணும்."

அவள் பார்வை கல்லாப் பெட்டி பக்கம் தொங்கிய ஒன்றுக்கு ஓடியது.

"அந்தச் சிவப்புப் பெட்டி?"

"ஐயோ, அதுவா! அது வீட்டுக்குள்ள அழகுக்கு வைக்கிறது. நான் செஞ்சதில்ல, வாங்கி விக்கிறது. தகரம், வெயில்ல அடுப்பா கொதிக்கும். ஓட்டை இருபது மில்லிதான். குருவி மூக்கை விட்டுப் பார்த்துட்டு நம்மளைத் திட்டிட்டுப் போகும். நூறு வருஷம் தொங்கினாலும் ஒண்ணும் குடிவராது."

"நிச்சயமா வராதா?"

"எழுதிக் கொடுக்கட்டுமா?"

"வேண்டாம். அதையே கட்டிக் கொடுங்க."

இவ்வளவு நேரம் யாரிடம் பேசினோம் என்பதுபோல அவர் அவளைப் பார்த்தார். பிறகு காகிதத்தைச் சுற்றினார்.

வீட்டு வாசற்படியில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"ஐ, சிவப்பு! ஏம்மா, இதுல குருவி வருமா?"

"வந்தா வரட்டும்டி. வராட்டியும் பார்க்க அழகா இருக்குல்ல?"

"வரும். இந்தத் தடவை அந்தத் திருட்டுப் பூனையும் வரட்டும், பார்த்துக்கலாம். நம்ம பட்டு காவல் இருப்பா. இல்லடி பட்டு?"

மகளின் மடியில் சுருண்டு கிடந்த வீட்டுப் பூனை பட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து பெட்டியின் ஓட்டையைப் பார்த்தாள். பிறகு, போன வருஷம் மகள் திரும்பிப் பார்க்கும் முன் அம்மா அவசர அவசரமாக இறகைத் துடைத்தெடுத்த அந்த மீசையை, மெதுவாக நக்கிக்கொண்டாள்.