எதிர் இருக்கை

படகுச் சங்கத்தில் துடுப்புப் போடுகிறவர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து வழி சொல்வது வரலட்சுமி. அவளுக்கு நேர் முன்னால் கணவர் நரசிம்மலு.

“ஏனுங்க, சாப்புட்டுப்போட்டுத்தான வந்தீங்க? நல்லா இழுங்க!”

“நீ கத்துற கத்துல துடுப்பே நழுவுது அம்மணி!”

“ஜோடின்னா இப்படி இருக்கோணுங்க,” என்று பின்னால் இருந்த கிளாடிஸ் சிரித்தாள்.

பயிற்சி முடிந்து படகு கரை தட்டியது. நரசிம்மலுவுக்கு இறங்கவே மனமில்லை. மற்றவர்கள் போனதும், “நாளைக்கு நான் வரல அம்மணி. கோர்ட்டுல நம்ம விவாகரத்துத் தீர்ப்பு,” என்றார்.

“அது மத்தியானந்தானுங்க. காலையில படகுக்கு வந்துருங்க,” என்றாள் வரலட்சுமி. “ஊட்டுல இத்தனை வருஷமா பாக்காத என் மூஞ்சிய, இந்தப் படகுலதான் பாக்கறீங்க.”