குப்பைத்தொட்டி ஓரத்துச் சாம்பல் கார்

"உவ பொலிஸ்தான் மயூரி. மஃப்டியில வந்து நிக்கிறா" என்று கடையில் வேலை செய்யும் கிளடிஸ் அன்ரி அடித்துச் சொன்னார்.

மயூரியும் கடையின் பின்கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் அதே சாம்பல் நிறக் கார். உள்ளே அதே அம்மா. கறுப்புக் கண்ணாடி, கழுத்துவரை இழுத்துப் பூட்டிய ஜக்கெற், மடியில் தேநீர் ஃபிளாஸ்க். சில வாரங்களாக மத்தியானம் வருவதும், கடையையே பார்த்துக்கொண்டிருப்பதும், பொழுதுபட முன்னர் போய்விடுவதும்தான் அவர் வேலை. ஒரு நாளும் காரைவிட்டு இறங்கியதில்லை.

டோர்செட் பார்க்கில் மயூரி நடத்துவது கஞ்சாக் கடை. அரசாங்க அனுமதி பெற்ற, சட்டத்துக்கு உட்பட்ட கடைதான். ஆனால் புலம்பெயர்ந்து வந்த எங்கள் சனம் சட்டத்துக்குப் பயப்படுவதைவிட அடுத்த வீட்டு அன்ரிக்குத்தான் கூடப் பயப்படும். முழங்கால் வலிக்கு எண்ணெய் வாங்க வரும் அங்கிள்மார், கமரா பூட்டியிருக்கிற முன்பக்கத்தில் செத்தாலும் காரை விடமாட்டார்கள். பக்கத்துத் தமிழ்க் கடைக்கு மரக்கறி வாங்க வருகிறவர்கள் கண்டுவிடுவார்களாம். பின்பக்கம் போய், குப்பைத்தொட்டி மறைவில் விட்டுவிட்டு, தொப்பியை இழுத்துவிட்டபடி நடந்து வருவார்கள். கார்க் கண்ணாடி உடைக்கிறவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

உடைப்பு கோடை முழுக்க நடந்தது. மயூரி பின்பக்கமும் கமரா பூட்டினாள். அதைக் கண்டதும் அங்கிள்மார் கமராவுக்கு எட்டாத மூலையாகப் பார்த்துக் காரை விட்டார்கள். காவலுக்கு ஆள் வைத்தாள். அவர் தமிழர் என்று தெரிந்ததும் பாதிப் பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். பொறுத்துப் பார்த்த, கடைகள் இருக்கும் பிளாசாவின் சொந்தக்காரர், இன்னும் ஒரேயொரு கார் உடைபட்டால் கடையைக் காலிபண்ண வேண்டியதுதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நல்ல வங்கி வேலையை உதறி, வீட்டில் எல்லாருடனும் சண்டை பிடித்துத் திறந்த கடை அது. மயூரிக்கு நித்திரை போய்விட்டது.

அந்தச் சாம்பல் கார் வந்த நாளிலிருந்துதான் உடைப்பு நின்றது. சொல்லிவைத்தாற்போல நின்றது. கமராவும் காவலாளியும் செய்யாததை, தேநீர் குடித்தபடி ஒரு அம்மா செய்கிறாரே என்று மயூரி வாயைப் பிளந்தாள்.

அன்று பின்னேரம் பின்பக்கம் கார் ஹோன் அலறியது. விடாமல் அலறியது. மயூரி கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். சுத்தியலோடு ஒருவன் வேலி பாய்ந்து ஓடிக்கொண்டிருந்தான். அங்கிள் ஒருவரின் வான், கீறல்கூட விழாமல் நின்றது. அந்த அம்மா முதன்முறையாகக் காரைவிட்டு இறங்கி, ஃபிளாஸ்க்கை ஓங்கியபடி வானுக்கு முன்னால் நின்றார்.

பொலிஸ் வந்தது. ஓடியவனின் உயரம், சப்பாத்தின் நிறம், அவன் வந்திறங்கிய காரின் நம்பர் எல்லாவற்றையும் அந்த அம்மா மடமடவென்று ஒப்புவித்தார். எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரரே ஒருமுறை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மயூரிக்கு மெய்சிலிர்த்தது. குப்பைத்தொட்டி ஓரமென்றும் பாராமல் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

பொலிஸ் போனதும், கடைக்குள் வந்து இருக்கும்படி கெஞ்சினாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மாட்டேன் என்றார். எந்தக் காவல் நிறுவனத்தில் வேலை என்று கேட்டதற்கு, தான் தூரத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் வீட்டோடு இருக்கிறவள் என்றார். என்ன சம்பளம் கேட்டாலும் தருகிறேன், நாளையிலிருந்து இங்கேயே வேலைக்கு வாருங்கள் என்று மயூரி சொல்ல, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப எதுக்கு அன்ரி, ஸ்ரௌவ்வில்லில இருந்து ஒவ்வொரு நாளும் வந்து எங்கட கார்களுக்குக் காவல் இருந்தனீங்கள்?"

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மயூரியை மேலும் கீழும் ஆசையோடு பார்த்தார்.

"கார்களை ஆர் பாத்தது, பிள்ளை? நான் பாத்தது உம்மை. வயசான ஆக்களைக் கார்வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டிட்டு, அவை வெளிக்கிடுமட்டும் மழைக்குள்ள நிப்பீர். நான் வந்த முதல் நாள், முந்தி உடைஞ்சு கிடந்த கண்ணாடித் துண்டை ஆற்றையும் காலில ஏறாமல் நீரே குந்தியிருந்து பொறுக்கினீர். ஒரு நாளோட போவம் எண்டு வந்தனான், போக மனம் வரேல்லை."

மயூரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னை ஏன் அன்ரி பாக்க வேணும்?"

"நான் மங்கையற்கரசி. உமக்குக் கலியாணம் பேசியிருக்கிற மிதுனன்ர அம்மா. பிள்ளை பாமசி நடத்துறா எண்டு உங்கட அம்மா சொன்னவா. கஞ்சாக் கடை எண்டு பிறகுதான் காதில விழுந்தது. ஆருக்கும் தெரியாமல் விசாரிச்சு, சம்மந்தம் வேண்டாம் எண்டு சொல்லுறதுக்குத்தான் உந்தக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால வந்து ஒளிச்சனான்."