தோள் மாற்றுபவர்

"அடுத்த படத்தைக் காட்டுங்க சார்."

வேலைக்குச் சேர்ந்த அன்றே, இதை மட்டும் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ட்ரோன் எடுத்த படங்களில் கட்டம் வரைந்து, உள்ளே இருப்பது என்ன என்று குறிக்க வேண்டும். அதைப் பார்த்து மெஷின் கற்றுக்கொள்ளும். இந்தப் படத்தில் நான்கு பேர் நீளமான ஒன்றைத் தோளில் சுமந்து போகிறார்கள்; பின்னால் கூட்டம். நான் 'மனிதர்' என்று குறித்ததை மேனேஜர் தயாளன் 'ஆயுதம்' என்று மாற்றியிருந்தார்.

"அது பாடை சார்."

"பாடைன்னு ஒரு பேரே நம்ம லிஸ்ட்டுல இல்லம்மா."

"ஓரமா ஒருத்தர் தோள் மாத்த ஓடி வர்றாரு பாருங்க. ராக்கெட் தூக்க யாராவது இப்படி முண்டியடிப்பாங்களா?"

"படிச்ச திமிரு. உங்க வீட்டுல வேற யாரு சம்பாதிக்கிறா?"

சலித்துக்கொண்டே அடுத்த படத்தைத் திறந்தார். அதே சாலையில் கரிந்த குழி மட்டும் இருந்தது.

"போன வருஷமே குண்டு போட்டு அடிச்சாச்சு. அப்ப அது ஆயுதமாத்தானே இருந்திருக்கணும்? போ, சாப்பிட்டுட்டு வா."

வாசலில் செக்யூரிட்டியிடமிருந்து என் போனை வாங்கிக்கொண்டேன். எந்த நிருபரிடம் சொல்வது என்று படியிறங்கும்போதே முடிவு செய்திருந்தேன். "சீக்கிரம் வந்துடும்மா" என்றார் செக்யூரிட்டி. அடையாள அட்டையை அவர் மேசையில் வைத்துவிட்டு நடந்தேன்.