மூன்று நாள் இருட்டு

"மார்ச் 11. அண்ணன் ஹோரியாவின் பவளம் வளர்க்கும் மீன் தொட்டியில் ஆறு நாளாக விளக்கை அணைக்க மறந்திருக்கிறேன். பவளமெல்லாம் பாசி மண்டிவிட்டது. தவறு என்னுடையதுதான்."

மாலை வகுப்புக்குப் போகாமல் நாட்குறிப்பில் இதை எழுதி முடித்த இலிங்கா, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடினாள். இதய நோயாளியான அப்பா கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி பண்றே?"

"மூணு நாள் வெளிச்சமே படக்கூடாதுப்பா. பாசி தானா செத்துடும்."

"உங்க அண்ணன் பார்த்தா, என் மீனையெல்லாம் குருடாக்கிட்டியான்னு கத்துவான்."

"கத்தட்டும்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டே.

"கப்பல்லேர்ந்து போன் பண்ணானா?"

"நடுக்கடல்ல சிக்னல் ஏதுப்பா?"

அப்பா அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"துணி மிச்சம் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"அலமாரிக் கண்ணாடியையும் மூடிடு."

இலிங்காவின் கை அப்படியே நின்றது. அந்த ஊரில் சாவு விழுந்த வீட்டில்தான், அடக்கம் முடியும்வரை கண்ணாடியை மூடுவார்கள்.

"உங்களுக்கு யாருப்பா சொன்னது?"

"கப்பல் கம்பெனிக்காரன் முதல்ல எனக்குத்தான் கூப்பிட்டான். நீ தாங்கமாட்டியேன்னு மறைச்சேன்."

கண்ணாடியை மூடிவிட்டு வந்து, அதே பக்கத்தின் அடியில் எழுதினாள்: "நாளை காலை பத்து மணி, விமான நிலையம். ஹோரியாவின் உடலை வாங்க அப்பாவும் நானும் போக வேண்டும்."