கலர் மூட்டைக் குட்டிகள்

கதவைத் திறந்ததும் பூனை வெளியே பாயப் பார்த்தது. குழந்தையம்மாள் காலால் தடுத்து உள்ளே தள்ளி, தாழ்ப்பாளைப் போட்டாள்.

அட்டைப் பெட்டிக்குள் மூன்று குட்டிகளும் கத்திக் கத்தித் தொண்டை அடைத்துக் கிடந்தன. வயிறு ஒட்டிப் போயிருந்தது. தாய் ஒரு வாய் பால் கொடுக்கவில்லை. தட்டில் வைத்துவிட்டுப் போன மத்தி மீனையும் தொடவில்லை.

கதவின் அடிப்பக்கம் முழுக்க நகக்கீறல்.

"மத்தியானத்துல இருந்து ஒரே கத்துங்க. பெத்ததுகளைத் திரும்பிக்கூடப் பாக்கலீங்க" என்றாள், பக்கத்து வீட்டு சபுரா பீவி ஜன்னல் வழியாக.

குழந்தையம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதுகளைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பனியன் கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் பிரிப்பது அவள் வேலை. வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியில் வெள்ளை தனி மூட்டை, கலர் தனி மூட்டை. கலரில் வெள்ளை போனால் முதலாளிக்கு நஷ்டம். வெள்ளையில் கலர் போனால் குடோன்காரர் மூட்டையையே திருப்பி அனுப்பிவிடுவார். அவள் கட்டிய மூட்டை இதுவரை திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இன்று மதியம் டெம்போ வந்து நிற்கிறது. ஏற்றலாம் என்று கலர் மூட்டையைத் தூக்கினால், உள்ளே குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை. கொஞ்சம் அசந்திருந்தால் குடோனுக்குப் போய், வேஸ்டை அமுக்கிக் கட்டும் பிரஸ்ஸில் விழுந்திருக்கும்.

இரண்டு கறுப்பு, ஒன்று சாம்பல். கம்பெனியைச் சுற்றிவரும் அந்த வெள்ளைப் பூனைக்கு ஒரு வெள்ளைக் குட்டிகூட இல்லையே, எல்லாம் அப்பன் ஜாடைதானா என்று செக்கிங் பெண்கள் கேலி பேசிச் சிரித்தார்கள்.

தாயும் தானாகவே வந்தது. ஆள் நிழல் பட்டாலே ஓடுகிற திருட்டுப் பூனை, அவள் கடைசி மூட்டையைக் கட்டும்போது காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. நன்றி தெரிந்த ஜீவன் என்று நெகிழ்ந்து போனாள். அமுக்கிப் பிடித்து, குட்டிகளோடு வீரபாண்டியில் இருக்கும் தன் லைன் வீட்டுக்குக் கொண்டுவந்து, பூட்டிவிட்டு வேலைக்கு ஓடினாள். குட்டிகள் ஓடியாடும்வரை தானே வளர்ப்பது என்று வழியிலேயே முடிவும் செய்துவிட்டாள்.

அந்த நன்றி தெரிந்த ஜீவன்தான் இப்போது கதவைப் பிறாண்டிக்கொண்டிருக்கிறது.

"நீயெல்லாம் ஒரு தாயா?"

பிடரியைப் பிடித்துத் தூக்கிப் பெட்டியில் போட்டாள். சாம்பல் குட்டியை எடுத்து அதன் மடியில் ஒட்டினாள். பூனை திமிறியது. முன்னங்காலை இறுக்கிப் பிடித்தாள். நகமெல்லாம் ரத்தம் கசிந்திருந்தது. ஒரு நகத்தில் துணி இழை ஒன்று மாட்டியிருந்தது.

பாவமாக இருந்தது. மெல்ல உருவி எடுத்து விரல் நுனியில் வைத்துப் பார்த்தாள்.

பனியன் துணி. வெள்ளை.

கலர் மூட்டையில் வெள்ளை இருக்காது. அவள் பிரித்த மூட்டையில் இருக்கவே இருக்காது.

பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகத்தான் கவ்வி இடம் மாற்றும். முதல் குட்டியை மாற்றிவிட்டு அடுத்ததற்குத் திரும்பி வந்திருந்தால்? வெள்ளைத் துணிக்குள் வெள்ளைக் குட்டி கிடந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

டெம்போ டிரைவர் சாமியப்பனுக்குப் போன் போட்டாள். மதியம் ஏற்றிய வெள்ளை மூட்டை எங்கே என்று கேட்டாள்.

"அது அப்பவே பிரஸ்ல போட்டாச்சுங்க அக்கா. உங்க மூட்டையை எப்பவும் பிரிச்சுப் பாக்கறதில்லீங்களே."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். பூனை ஒரே பாய்ச்சலாகக் கம்பெனிப் பக்கம் ஓடியது.

மதியம் அது காலைச் சுற்றி மட்டும் வரவில்லை. எழும்பி எழும்பி அந்தக் கடைசி மூட்டையைப் பிறாண்டியது. வெள்ளையில் பூனை முடி ஒட்டிவிடுமே என்று, குழந்தையம்மாள் இன்னொரு முடிச்சு சேர்த்துப் போட்டாள்.