மூன்றாவது கார்டு

"மூணாவது கார்டும் இரையுது அண்ணாச்சி. விலை கூடின சாமான் சத்தம் போடலாமா?" தறிக்கூடத்தில் பேசிப் பழகிய உரத்த குரலில் கேட்டார் இசக்கித்துரை.

மகள் சேலை டிசைன் போட வாங்கிய கம்ப்யூட்டர் அது. கிராபிக்ஸ் கார்டு கொஞ்சம் இரையத்தான் செய்யும் என்று கடைக்காரர் ஜெபசுந்தர் சொல்லிப் பார்த்தார். மனசு கேட்காமல் இரண்டு முறை மாற்றியும் கொடுத்தார். இன்று வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கண்ண மூடிக் கேளும்," என்று மேஜைக்கடியில் குனிந்தார். "இப்ப இரையுதா?"

"நல்லா இரையுது, கொசு மாதிரி."

"இப்ப?"

"நிக்கவே மாட்டேங்கு அண்ணாச்சி."

"கண்ணத் திறவும்."

ஜெபசுந்தரின் கையில் கம்ப்யூட்டரின் பிளக் இருந்தது. இசக்கித்துரையின் முகம் வெளிறியது.

ஜெபசுந்தர் அவர் தோளைத் தொட்டார். "தறிச் சத்தத்துல எத்தன வருசமா நிக்கீரு? வாரும், காது டாக்டர்கிட்ட நானும் வாரேன்."