ஒரு வாய்த் தண்ணீர்

புதுப்பட்டினத்து உச்சிவெயிலில் வாசல் மணல் கண்ணைக் கூசச் செய்கிறது. சைக்கிளில் துணி விற்க வந்தவர் படியில் உட்கார்ந்து, "தாகம் தாங்கல பாய், ஒரு வாய் தண்ணி குடுங்க" என்கிறார். ஷாஜாதி பித்தளைக் குவளையை நீட்ட, அத்தா ஜெயினுலாபுதீன் அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறார். அவர் விரல்களில் நடுக்கமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாயிருக்கிறது. மூலையில் அரிவாள் கிடக்கிறது.

"இன்னா ஷஃபியுல்லா, என்னைத் தெரியலியா? ரங்கூன்ல குண்டு வுழுந்தப்போ சேந்துதானே நடந்து வந்தோம். எங்க தண்ணி டின்ன நீதான் தூக்கிகினு வந்தே. மலையில ராவோட ராவா டின்னோட ஓடிட்டே. மூணாம் நாளு இவ அம்மா நாக்கு வறண்டு செத்தா. இவளுக்கு அப்ப மூணு வயசு."

வந்தவர் எழப் பார்க்கிறார், மூலையில் அரிவாளைக் கண்டதும் மறுபடி உட்கார்கிறார்.

"அத்தா, வாணாம் அத்தா."

அத்தா மணிக்கட்டை விடுகிறார். "குடும்மா. பன்னெண்டு வருசமா இதுக்குத்தான் காத்துகினு கீறேன். டேய், இவ மூஞ்சியப் பாத்துகினே குடி. அப்படியே அவ அம்மா மூஞ்சி."

குவளை வந்தவரின் உதடுவரை போய் நிற்கிறது. தண்ணீர் தாடியில் வழிந்து மணலில் சொட்டுகிறது. ஒரு மடக்கும் இறங்கவில்லை.

"இன்னொரு குவளை மொண்டுகினு வா ஷாஜாதி" என்கிறார் அத்தா.